இழைகள் ஜாவாவுக்கு முந்தையவை

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை, ஒரே நிரலுக்குள் பல வேலைகளை ஒருசேர நடத்தும் ‘திரெட்’ என்னும் இழை வசதியை நிரல் மொழிக்குள்ளேயே முதலில் கொண்டுவந்தது 1995-இல் வெளியான ஜாவா என்று கூறியிருந்தது. பல ஆண்டுகள் கல்லூரியில் நிரல் மொழிகளைக் கற்பித்தவன் என்ற முறையில் இதைத் திருத்த விரும்புகிறேன்.

ஐபிஎம் நிறுவனத்தின் பிஎல்/ஒன் மொழியில், துணைநிரலை அழைக்கும் கட்டளையோடு ‘டாஸ்க்’ என்ற சொல்லைச் சேர்த்தால் அது இன்றைய இழையைப் போலத் தனிப் பணியாக ஓடத் தொடங்கும். அது முடியும்வரை காத்திருக்க ‘வெயிட்’ கட்டளை இருந்தது. இது 1960-களின் கதை. அல்கால் 68, பணிகளை நிறுத்தியும் செல்லவிட்டும் ஒழுங்குபடுத்த கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வகுத்த ‘செமஃபோர்’ என்ற சைகையையே மொழியின் ஓர் அங்கமாக்கியது. பெர் பிரிஞ்ச் ஹான்சன் 1975-இல் வெளியிட்ட கன்கரண்ட் பாஸ்கல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு பணி தன் மதிப்புகளைச் சேமித்து வைக்கும் ‘மாறி’யை இன்னொரு பணி நேரடியாகத் தொட முயன்றால், நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே அந்த நிரலை ஏற்க மறுத்துவிடும். பல பணிகள் பகிரும் பொதுத் தரவு, ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டும் உள்ளே விடும் ‘மானிட்டர்’ என்ற காவலுக்குள் மட்டுமே இருக்க முடியும். ஜாவாவில் அத்தகைய கட்டாயம் இல்லை. அத்தகைய காவலைக் கோரும் ‘சிங்க்ரனைஸ்டு’ என்ற சொல்லை எழுத மறந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. இதனால்தான் ஹான்சன் 1999-இல் ஜாவாவைக் கடுமையாகக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான ஏடா மொழியின் 1983-ஆம் ஆண்டுத் தரநிலையில் (அதன் எண் 1815; மொழிக்குப் பெயர் தந்த கணித அறிஞர் ஏடா லவ்லேஸ் பிறந்த ஆண்டு அது) பணிகள் ஒன்றையொன்று குறித்த இடத்தில் சந்தித்துத் தகவல் மாற்றிக்கொள்ளும் முறை முழுமையாக வகுக்கப்பட்டிருந்தது. பொதுத் தரவைக் காக்க மட்டும் அச்சந்திப்பைப் பயன்படுத்துவது வேகக் குறைவாக இருந்ததால், 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதற்கென எளிய ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் இழைகள் புதியவை போலத் தோன்றுகின்றன? நம் மாணவர்கள் பெரும்பாலும் சி மொழி வழியே கணினிக்கு வந்தவர்கள். அம்மொழியிலோ இழைகளைப் பற்றி 2011 வரை ஒரு சொல்லும் இல்லை. 1995-இல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை அவற்றை வெளியிலிருந்து ஒரு லைப்ரரியாக, அதாவது ஆயத்தத் துணைநிரல்களின் தொகுப்பாகக் கொடுத்தது. ஆனால் கம்பைலருக்கு இழை என்பதே தெரியாதபோது லைப்ரரியால் மட்டும் பிழையைத் தடுக்க முடியாது என்று கணினி ஆய்வாளர் ஹான்ஸ் போம் 2005-இல் காட்டினார். பதிவேட்டின் ஒரே பக்கத்தை இரண்டு எழுத்தர்கள் தனித்தனியே நகலெடுத்து, ஆளுக்கு ஒரு வரியைத் திருத்தி, முழுப் பக்கத்தையும் திரும்ப வைத்தால் முதலாமவரின் திருத்தம் காணாமல் போகும் அல்லவா? நினைவகத்தில் அடுத்தடுத்துள்ள இரு சிறு மாறிகளை இரண்டு இழைகள் மாற்றும்போது, கம்பைலர் உருவாக்கும் கட்டளைகள் ‘சொல்’ எனப்படும், அவ்விரண்டையும் உள்ளடக்கிய முழு நினைவகத் துண்டையும் படித்துத் திரும்ப எழுதினால் இதுவே நிகழும். நிரலர் எழுதியதில் குற்றமில்லை. கம்பைலரும் அன்றைய மொழி விதியை மீறவில்லை. 2011-இல் வந்த சி தரநிலைதான் இதற்கு நினைவக விதிகளை வகுத்தது. அதிலும் இழை லைப்ரரி கட்டாயமாக்கப்படவில்லை.

எனவே அக்கட்டுரையின் காலவரிசையில் ஜாவாவுக்கு முன்பாக பிஎல்/ஒன், அல்கால் 68, கன்கரண்ட் பாஸ்கல், ஏடா ஆகிய நான்கையும் சேர்த்துத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி அறிவியல் பேராசிரியர்,
கோயம்புத்தூர்