கேன் கணக்குக்கு கை குடுத்த எல்லாருக்கும்

வட சென்னையில தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, புது வண்ணாரப்பேட்டைன்னு எங்க தண்ணி கேன் கணக்கு சிஸ்டத்த மாசாமாசம் காசு குடுத்து யூஸ் பண்ற டீலருங்க ஓரளவுக்கு சேர்ந்துட்டாங்க, அதனால ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டே இருந்த இந்த நன்றிய இன்னிக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பேரு யாரோடதும் போடல. பாதி பேரு போடாதப்பான்னு சொல்லிட்டாங்க, மீதி பேர்கிட்ட நான் கேக்கவே இல்ல, ஆனா படிக்கும்போது இது நம்மளத்தான் சொல்றான்னு அவங்களுக்கு தெரிஞ்சிடும்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து 20 லிட்டர் தண்ணி கேன் போடுற டீலருங்களுக்கு கணக்கு பாக்குற ஒரு சின்ன சிஸ்டம் பண்ணியிருக்கோம், வாட்ஸப்லயே ஓடும், தனியா எதுவும் டவுன்லோட் பண்ண வேணாம். ஆரம்பத்துல இது இப்படி இல்ல. வீட்ல இருக்குறவங்க கேன் ஆர்டர் பண்றதுக்கு ஒரு ஆப், அதுதான் ஐடியா, ஸ்கிரீன் எல்லாம் டிசைன் பண்ணி கலரு கூட முடிவு பண்ணி வச்சிருந்தோம்.

அத மாத்துனது எங்க தெரு முனையில கேன் கடை வச்சிருக்குற அண்ணன்தான், மொத நன்றி அவருக்கு. ஃபோன்ல டிசைன காட்டுனா ஒரு தடவ மேல கீழ தள்ளி பாத்துட்டு, "இன்னா தம்பி, ஆர்டர் எட்த்துக்குறதா எனக்கு பேஜாரு? ஒரு மிஸ்டு கால் குட்த்தா பையன் போய் போட்டுட்டு வந்துருவான், காலி கேனு எங்க போச்சுன்னு சொல்லு பாப்போம்"னாரு. அப்புறம் கல்லாவுக்கு கீழ இருந்து ஒரு லாங் சைஸ் நோட்ட எடுத்து விரிச்சாரு பாருங்க, வீட்டுக்கு ஒரு வரி, போட்ட கேனு, எடுத்த கேனு, அடிச்சது, திருத்துனது, பக்கத்துல "மாடி வீடு காலி பண்ணிட்டாங்க"ன்னு குறிப்பு, அதாவது கேனோட சேர்த்து காலி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். கிரகப்பிரவேசத்துக்கு 30 கேன் போனா 27 தான் திரும்பும். இன்னொரு டீலரோட பையன் வாசல்ல இருந்தத தூக்கிட்டு போயிருப்பான், இவரோட பையனும் வேற யாரோட கேனையோ தூக்கிட்டு வந்திருப்பான் (அத அவரு சொல்லும்போது கொஞ்சம் சிரிச்சாரு). தண்ணி நெரப்புற பிளான்ட்ல காலி கேன் குடுத்தாதான் ஃபுல் கேன் ஏத்துவாங்க, கொறைஞ்சா புது கேனுக்கு காசு, ஒண்ணுக்கு 200 ரூபா கிட்ட வந்துடும், ஒரு கேன் போட்டா கெடைக்குற லாபத்த வச்சு பாத்தா அந்த ஒரு கேன மீட்டெடுக்க எத்தன தடவ மாடி ஏறணும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அந்த நோட்ட வீட்டுக்கு எடுத்துட்டு போய் பாருங்கன்னு குடுத்தாரு பாருங்க, யாரும் தொழில் நோட்ட அப்படி தூக்கி குடுக்க மாட்டாங்க, அதுல யாரு எவ்ளோ பாக்கின்னு எல்லாம் இருக்கு. நாங்க செஞ்ச மார்க்கெட் ரிசர்ச் மொத்தமும் அந்த நோட்டுதான்.

அடுத்தது தரமணி ஐஐடி ரிசர்ச் பார்க்ல வேலை பாக்குற அண்ணன். ஃப்ரெண்டோட அண்ணனுக்கு தெரிஞ்சவருன்னு போனோம், இந்தியாவுல தண்ணி மார்க்கெட் எத்தன ஆயிரம் கோடின்னு ஒரு ஸ்லைடு வச்சிருந்தோம், அத பாத்ததும் லேப்டாப்ப மூடிட்டாரு. ஒரே ஒரு பின்கோடு எடுத்துக்கோ, அதுல இருக்குற டீலருங்க பத்து பேர்ல எத்தன பேரு இத விட்டா கஷ்டம்னு சொல்றாங்கன்னு பாரு, அது தெரியாம சென்னைன்னே பேசாதன்னாரு. கேக்க கடுப்பாதான் இருந்துச்சு. ஆனா அவரு சொன்ன இன்னொரு விஷயம் எங்க செலவையே மாத்திடுச்சு: சிஸ்டமே பதில் சொல்ற மாதிரி வைக்குற வாட்ஸப் பிசினஸ் சேவையில நாமளா முதல்ல மெசேஜ் அனுப்புனா காசு, எதிர்ல இருக்குறவங்க முதல்ல அனுப்புனா அதுலேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள நாம சொல்ற பதிலுக்கு காசு இல்ல. அதனால மொத்தத்தையும் திருப்பி போட்டோம். கேன் போடுற பையன் வீட்டு நம்பரையும் போட்டது எத்தன எடுத்தது எத்தனன்னும் அவனே அனுப்புவான், சிஸ்டம் பதில் சொல்லும், ராத்திரி டீலரு "கணக்கு"ன்னு ஒரு வார்த்த அனுப்புனா அன்னிக்கு நிலவரம் வரும். எல்லாமே அவங்க ஆரம்பிச்ச பேச்சு, எங்களுக்கு மெசேஜ் செலவு ஏறக்குறைய இல்லவே இல்ல. இத யோசிச்சது நாங்க இல்ல, அவருதான், இங்க பதிஞ்சு வைக்கிறேன்.

பெரம்பூர் ஆடிட்டர் சார். ஃபீஸ் வாங்கவே இல்ல, காபி மட்டும் எங்கள வாங்கிட்டு வர சொன்னாரு. உடனே பிரைவேட் லிமிடெட் போடணும்னு நாங்க ஒத்த கால்ல நின்னோம், அவரு பொறுமையா, பிரைவேட் லிமிடெட்னா ஒரு ரூபா வியாபாரம் பண்ணலன்னாலும் வருஷா வருஷம் ஆடிட் கட்டாயம், எல்எல்பின்னா, அதாவது கூட்டாளிங்களோட பொறுப்புக்கு ஒரு வரம்பு இருக்குற பார்ட்னர்ஷிப்னா, வருஷ வரவு 40 லட்சம் இல்ல முதலீடு 25 லட்சம், ரெண்டுல ஒண்ணு தாண்டுற வரைக்கும் அந்த ஆடிட் இல்ல, மத்திய அரசோட ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கும் எல்எல்பி செல்லும், தனி ஆளு பேர்ல இருக்குற கடைக்குத்தான் செல்லாதுன்னு புரிய வச்சாரு. பெரிய முதலீட்டாளர் வந்தா அப்போ மாத்திக்கலாம், வராதவனுக்காக இப்பவே ஏன் பந்தல் போடுறன்னாரு. சின்ன தொழில்னு அரசுகிட்ட பதியிற உத்யம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஒருத்தர் எங்ககிட்ட 2,000 ரூபா கேட்டிருந்தாரு, அது அரசு வெப்சைட்ல ஓசிப்பா, ஆதாரும் பான் நம்பரும் இருந்தா நீயே பண்ணலாம்னு முன்னாடியே உக்கார வச்சு பண்ண வச்சாரு. ஐடியாவுக்கு பேட்டன்ட் எடுக்கலாமான்னு கேட்டதுக்கு மட்டும் கொஞ்சம் சிரிச்சாரு, நம்ம நாட்டு சட்டத்துல வியாபார முறைக்கும் வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் பேட்டன்ட் கெடையாதாம், பேருக்கு டிரேட்மார்க் போடு, சின்ன தொழிலுக்கு ஆன்லைன்ல போட்டா ஒரு கிளாசுக்கு, அதாவது ஒரு வகை பொருளுக்கோ சேவைக்கோ, 4,500 ரூபாதான்னாரு. போட்டுட்டோம் சார்.

பேங்க்லேர்ந்து ரிடையர் ஆன எங்க மாடி வீட்டு மாமா, உங்களுக்கு ஸ்டார்ட்அப்னாலே பிடிக்காதுன்னு தெரியும். ஆனா சின்ன தொழிலுக்கு கடன் குடுக்குற மத்திய அரசோட முத்ரா திட்டத்துல சிசு லோன் 50,000 வரைக்கும் கிடைக்கும், வாங்காதடா, வாங்குனா அது மாச தவணையா வந்து நிக்கும், உன் வரவு மாச வரவா மொதல்ல ஆகட்டும்னு நீங்க சொன்னதுதான் எங்கள காப்பாத்துச்சு. கேன் தொழிலுக்கு ஏப்ரல் மே தான் சீசன், ஐப்பசி கார்த்திகையில மழை வந்தா டீலரே கைய பிசஞ்சுட்டு நிப்பான், அப்போ அவன்கிட்ட போய் சந்தா கேக்காத, வெயில்ல வாங்கி வைன்னீங்க. அதனாலதான் இப்போ கோடையில மொத்தமா ஆறு மாசம் கட்டுறவங்களுக்கு கொறச்சு குடுக்குறோம்.

விலை விஷயத்துல வியாசர்பாடில டிபன் கடை நடத்துற அக்கா. மூணு மாசம் ஃப்ரீன்னு போர்டு மாதிரி ஒண்ணு அடிச்சு வச்சிருந்தோம், அக்கா அத பாத்துட்டு, "ஓசில குட்த்தா தொறந்து கூட பாக்க மாட்டான்டா, நூறு ரூபாயாவது வாங்கு, அப்பதான் சரியில்லன்னா உன்ன திட்டுவான், திட்டுனாதான் உனக்கு தெரியும்"னாங்க. மாசம் 300 வச்சோம், ரெண்டு கேன் காணாம போற காசுக்கும் கம்மி. திட்டு நெறைய வந்துச்சு அக்கா, நீங்க சொன்ன மாதிரியே. அதே அக்காதான் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, சிநேகிதம் வேற துட்டு வேற, எழுதி வைங்கன்னு பிடிச்சு நின்னாங்க, அப்புறம்தான் ஆடிட்டர் சார்கிட்ட போய் பங்கு நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா சேரும், ஒரு வருஷத்துக்குள்ள யாரு போனாலும் ஒண்ணும் கெடையாதுன்னு எழுதி கையெழுத்து போட்டோம். எழுதுன அன்னிக்கு ரெண்டு பேரும் சரியா பேசிக்கல, அது வேற கதை.

இன்னொன்னு சொல்லணும். ஸ்டார்ட்அப்புக்கு ஆலோசனைன்னா எல்லாமே கிண்டி, தரமணி, ஓஎம்ஆர்னு தெற்கயேதான் கெடக்கு. இப்போ மெட்ரோ விம்கோ நகர்லேர்ந்து நேரா கிண்டி போகுது, 2021க்கு முன்ன தண்டையார்பேட்டைக்கு அதுவும் இல்ல, போறது சுலபம்தான், ஆனா அங்க போய் உக்காந்தா மொத கேள்வியே எந்த காலேஜ்ங்குறது. ஒரு இடத்துல பத்து நிமிஷம் பேச விடுறதுக்கு காசு கேட்டாங்க, பேரு வேணாம், நாங்க குடுக்கல. அதே சமயம் ஸ்டார்ட்அப்புக்கு ஆரம்ப நிதி குடுக்குற தமிழ்நாடு அரசோட டான்சீட் திட்டம் பத்தி உருப்படியா வெவரம் சொன்னவங்களும் அந்த பக்கத்து ஆளுங்கதான், 10 லட்சம் வரைக்கும் குடுப்பாங்க, பதிலுக்கு 3 சதவீதம் பங்கு எடுத்துப்பாங்கன்னு ஒளிக்காம சொன்ன மேடம், நன்றி. அப்ளிகேஷன் பாதியில நிக்குது, முடிச்சிட்டு உங்ககிட்ட காட்டுறேன்.

கடைசியா, கேன் போடுற தம்பிங்க. அவங்கதான் எங்க நிஜமான யூசர். ஒரு தோள்ல கேன், ஒரு கையில ஃபோன், நாலாவது மாடி, அந்த நெலமையில டைப் பண்ண சொன்னா எப்படி அண்ணான்னு ஒரு தம்பி கேட்டான், அதுலேர்ந்துதான் எழுத்தே இல்லாம நம்பர் மட்டும் போதும்னு வச்சோம். எறங்கி வந்து வண்டிகிட்ட நின்னு மொத்தமா அனுப்பட்டுமான்னும் அவன்தான் கேட்டான், இப்போ எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்க.

மணலி, திருவொற்றியூர் பக்கம் கேன் டீலருங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, வந்து பேசுறோம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலன்னா அவங்களுக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும். புதுசா ஏதாவது தொழில் யோசிச்சிட்டு இருக்குறவங்களும் வந்து கேளுங்க, கேன் பத்தின்னா நல்லாவே சொல்லுவோம், மத்ததுக்கு மேல சொன்னவங்ககிட்ட கேட்டு சொல்றோம்.