நேற்றைய நூடுல்ஸ்

அன்பு மகளுக்கு,

நேற்றுக் காலை வீடியோவில் பேசும்போது உன் தோளுக்குப் பின்னால், அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் மூடியிருந்ததைப் பார்த்தேன். என்ன அது என்று கேட்டதற்கு, "நேத்து ராத்திரி பண்ணின நூடுல்ஸ்மா, சூடு பண்ணிச் சாப்பிட்டுக் கிளம்பணும்" என்றாய். ஃப்ரிட்ஜில் வைக்கவில்லையா என்றேன். "நல்லா ஆவி வரச் சூடு பண்ணிட்டா எல்லாம் செத்துடும்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாய். சாயங்காலம் உன்னிடமிருந்து ஒரு செய்தி: "சாப்பிட்டேன். ஒண்ணும் ஆகலை, பார்த்தியா?"

ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்த "பார்த்தியா" என்னைத் தூங்கவிடவில்லை. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். எழுத்தில் இருந்தால் ஒரு விடுமுறை நாளிலாவது பொறுமையாகப் படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு ஆறு வயதில் நடந்தது நினைவிருக்குமோ என்னவோ. வீட்டுக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் ஒரு பெரிய பாத்திரம் நிறைய டம்ப்ளிங், அதாவது கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள் பூரணம் வைத்து மடித்தது, செய்தேன். எல்லாரும் போனபோது ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. மீந்ததை அதே பாத்திரத்தில் மூடி, சமையல் மேடையிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். நல்ல வாசனை. பிசுபிசுப்பும் இல்லை. ஆவி பறக்கச் சூடு பண்ணித் தட்டில் வைத்தேன், நீ ஐந்து சாப்பிட்டாய். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, வாந்தி ஆரம்பித்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. உன் உதடு காய்ந்து வெளுத்துப்போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "டாக்டர், நான் நல்லா சூடு பண்ணித்தான் கொடுத்தேன்" என்றுதான் முதலில் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கினமாதிரியே தெரியவில்லை. "வெளியே எவ்வளவு நேரம் இருந்தது?" என்று கேட்டார். பத்து மணி நேரம் இருக்கும் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் பொறுமையாக ஒன்று சொன்னார்: "சூடு கிருமியைக் கொல்லும்மா. அது முன்னாடியே கக்கி வச்ச நஞ்சைச் சூடு ஒண்ணும் பண்ணாது."

அன்றைக்கு நீ பிழைத்துக்கொண்டாய். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்துப் புரிந்துகொண்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. மண்ணில் வாழ்வது. அதனால் தானியத்தோடும் மாவோடும் சுலபமாக நம் அடுப்படிக்கு வந்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் அது செத்துப்போகும். ஆனால் அதன் ஸ்போர்கள், அதாவது கெட்டியான ஓடு போர்த்திய விதை மாதிரியான உருவம், கொதியையும் தாங்கும். நீ நூடுல்ஸை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அவை உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். அடுப்பை அணைத்து, சாப்பாடு மெல்ல ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது விழித்துக்கொண்டு பெருக ஆரம்பிக்கும். நூடுல்ஸ், டம்ப்ளிங்கின் மேல் மாவு மாதிரி மாவுச்சத்து நிறைந்தது கிடைத்தால் செரியுலைடு என்ற நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைப்பது அதுதான். 121 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அது அழிவதில்லை. நம் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில் என்றால், மைக்ரோவேவில் மூன்று நிமிடம் சுற்றவிட்டு என்ன ஆகப்போகிறது? அந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதனால் மோந்து பார்த்து முடிவு செய்யாதே.

2008 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் முன்பு சமைத்துச் சமையலறையிலேயே வெளியே வைத்திருந்த, நூடுல்ஸ் மாதிரியான ஸ்பாகெட்டியை மைக்ரோவேவில் சுடவைத்துச் சாப்பிட்டிருக்கிறார். அன்றிரவு தூக்கத்திலேயே இறந்துபோனார். 2011-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் அதை விவரமாக எழுதியிருந்தார்கள். இந்த அளவுக்குப் போவது மிக அபூர்வம். பெரும்பாலும் ஒரு நாள் வாந்தியோடு சரியாகிவிடும். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் படிக்கிற பிள்ளை ஒன்று, பழையதைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தது என்று படித்தபோது எனக்கு உன் முகம்தான் வந்தது.

அதனால் பத்திரம் என்பது மறுநாள் சூடு பண்ணும்போது ஆரம்பிப்பது இல்லை. சமைத்து இறக்கிய முதல் இரண்டு மணி நேரத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் கும்மாளம் போடும். அந்த இடைவெளியில் சாப்பாடு மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் கொளுத்தும் நாளில், அறையே 32 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரம்தான். நீ எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒரு படம் பார்த்துவிட்டு, பதினொன்றுக்கு எடுத்து வைத்தால் நேரம் தாண்டிவிட்டது. தட்டைக் கழுவும்போதே டப்பாவில் போட்டுவிடு.

சூடாக இருக்கிறதே, ஃப்ரிட்ஜ் கெட்டுவிடுமே என்று யோசிப்பாய். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய அண்டா நிறையக் கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தால்தான் பக்கத்தில் இருக்கும் மற்றவையும் சூடாகும். ஒருவர் சாப்பாட்டு அளவை இளஞ்சூட்டோடு வைத்தால் இப்போதைய ஃப்ரிட்ஜ் தாங்கும். முக்கியம் டப்பாவின் ஆழம். குவித்து வைத்த நூடுல்ஸின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரம் வராமல், அகலமான டப்பாவில் பரப்பி வை. நான் என்ன செய்வேன் என்றால், மீந்துவிடும் என்று தெரிந்த வெறும் நூடுல்ஸை வடித்ததுமே குடிக்கிற குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசி, நன்றாக வடியவிட்டு, கால் கரண்டி எண்ணெய் விட்டுப் பிரட்டி வைத்துவிடுவேன். நிமிடத்தில் ஆறிவிடும், மறுநாள் கட்டியாகவும் ஒட்டாது. சூப் நூடுல்ஸ் என்றால் சூப்பை ஒரு டப்பாவிலும் நூடுல்ஸை இன்னொன்றிலும் வை. ஒன்றாகப் போட்டால் நூடுல்ஸ் சூப்பைக் குடித்துக் குடித்து ஊறி, காலையில் கஞ்சி மாதிரி இருக்கும்.

இன்னொன்று, சாப்பிட்ட கையாலோ, வாயில் வைத்த கரண்டியாலோ மீந்ததை எடுத்து வைக்காதே. நம் தோலிலும் மூக்கிலும் இருக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும் இதே வேலையைத்தான் செய்யும். அதன் நஞ்சும் சூட்டுக்கு அசைவதில்லை.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கட்டும். அதில் வைத்ததை மூன்று நாளுக்குள், மிஞ்சிப்போனால் நான்கு நாளுக்குள் முடித்துவிடு. இறைச்சி வைத்த டம்ப்ளிங்கை நான் இரண்டு நாளுக்கு மேல் வைக்க மாட்டேன், அது என் பிடிவாதம். டப்பா மேல் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுது. "முந்தாநாள்தானே பண்ணினேன்" என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நாலாவது நாளாகத்தான் இருக்கும். அவ்வளவு நாளில் சாப்பிட முடியாது என்று தோன்றினால் முதல் நாளே ஃப்ரீசரில் போட்டுவிடு. டம்ப்ளிங்கைத் தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி உறையவிட்டு, அப்புறம் பையில் கொட்டிக்கொள். இல்லையென்றால் ஒரே பாறையாகிவிடும், பிய்க்கும்போது மாவு கிழிந்து பூரணம் கொட்டும்.

இனி சூடு பண்ணுவதற்கு வருகிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த நூடுல்ஸ் விறைத்துக்கொண்டு ரப்பர் மாதிரி இருப்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டதோ என்று நினைக்காதே. வெந்தபோது தளர்ந்த மாவுச்சத்து குளிரில் மறுபடியும் இறுகிவிட்டது, அவ்வளவுதான். சூடும் ஈரமும் சேர்ந்து கிடைத்தால் இளகிவிடும். சூடு மட்டும் கிடைத்தால் ஓரம் காய்ந்து நொறுங்கும்.

மைக்ரோவேவ் என்றால் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் போட்டு, முள்கரண்டியால் கட்டியை உதிர்த்துவிடு. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மேலே ஒரு தட்டைச் சின்ன இடைவெளி விட்டு மூடு. ஒரு நிமிடம் ஓடியதும் எடுத்து, அடியிலிருப்பது மேலே வரும்படி நன்றாகக் கிளறு. இந்த இடத்தில்தான் எல்லாரும் சோம்பல்படுகிறார்கள். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சூடாக்காது. ஓரம் நாக்கைச் சுடும், நடுவில் ஜில்லென்று ஒரு உருண்டை இருக்கும். அந்த உருண்டையில் கிருமி அப்படியே உயிரோடு இருக்கும். கிளறியபின் இன்னும் ஒரு நிமிடம் ஓட்டு, வெளியே எடுத்து ஒரு நிமிடம் மூடியே வை. சூடு உள்ளே பரவ அந்த நேரம் வேண்டும். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். நீ இங்கிருந்து எடுத்துப்போன அந்தக் குத்திப் பார்க்கும் வெப்பமானியைப் பெட்டியிலிருந்து எடு. அது இல்லாத நேரத்தில், எங்கே கரண்டி விட்டாலும் ஆவி பறக்க வேண்டும் என்று வைத்துக்கொள். மூடியைத் திறக்கும்போது உனக்கு எதிர்ப்பக்கமாகத் திற, முகத்தில் ஆவி அடித்துவிடும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவோடு வைக்காதே, மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று அதிலேயே போட்டிருந்தால் மட்டும் சரி.

டம்ப்ளிங்கை மைக்ரோவேவில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. மடிப்பு இருக்கும் இடம் தோல் மாதிரி ஆகிவிடும். வாணலிதான் அதற்கு. கொஞ்சம் எண்ணெய் விட்டு, மிதமான தீயில், தட்டையான பக்கம் கீழே வரும்படி அடுக்கு. அடி லேசாகச் சிவந்ததும் மூன்று நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி உடனே மூடிவிடு. சடசடவென்று பெரிய சத்தம் வரும், பயப்படாதே. நான்கைந்து நிமிடத்தில் சத்தம் மெலிந்து, கடைசியில் வெறும் எண்ணெய் பொரியும் மெல்லிய இரைச்சலாக மாறும். தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். மூடியை எடுத்து இன்னும் அரை நிமிடம் விட்டால் அடி மொறுமொறுப்பாகவும் மேலே மெத்தென்றும் இருக்கும். நான் காதை வைத்தே பார்த்துக்கொள்வேன். ஒன்றை மட்டும் பிய்த்து உள்ளே பூரணத்திலிருந்து ஆவி வருகிறதா என்று பார். மாவு சீக்கிரம் சூடாகும், பூரணம் மெதுவாகத்தான் சூடாகும். எண்ணெய் வேண்டாம் என்றால் ஆவியில் ஆறேழு நிமிடம், உறைந்தது என்றால் பத்து நிமிடமாவது வை.

கடையில் வாங்கும் உறைந்த பாக்கெட்டில் சிலவற்றுக்குப் பூரணம் பச்சையாகவே இருக்கும். அதைச் சூடு பண்ணினால் போதாது, சமைக்க வேண்டும். பின்பக்கம் போட்டிருக்கும் நேரத்தைப் படித்துப் பார்த்துச் செய்.

எவ்வளவு சாப்பிடுவாயோ அவ்வளவை மட்டும் எடுத்துச் சூடு பண்ணு. முழு டப்பாவையும் சூடாக்கி, மீந்ததைத் திரும்ப வைத்து, மறுநாள் மறுபடியும் சூடாக்கும் வேலையே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அது அந்த வெதுவெதுப்பைக் கடந்துதான் மேலே போகும், கீழே வரும்.

இத்தனைக்குப் பிறகும் என்றாவது சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வந்தால், உப்பும் சர்க்கரையும் கலந்த அந்த ஓஆர்எஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு மிடறாகக் குடி. வாந்தியில் ரத்தம், நிற்காத வாந்தி, தலைசுற்றல், சிறுநீரே போகாமல் இருப்பது, கண் மஞ்சளாவது, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போ. என்ன சாப்பிட்டாய், அது எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று மறைக்காமல் சொல்.

நேற்று ராத்திரியும் நூடுல்ஸ்தான் என்று உன் செய்தியில் பார்த்தேன். மேடையில் இன்னும் அந்தப் பாத்திரத்தில் ஏதாவது இருந்தால் இதைப் படித்ததும் எழுந்து போய்க் கொட்டிவிடு. அரிசியும் மாவும் காசும் வீணாகிறதே என்று நினைக்காதே, அந்தப் பாவம் என்னோடு போகட்டும். கொட்டிய பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா