சம்பள ஆளுக்கும் ஓவர்டைம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் ஓட்டல் வேலை பற்றி அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். “அங்கே சட்டப்படி மணிக்கு 15 டாலர் கொடுத்தே ஆக வேண்டும், எந்த முதலாளியும் ஏமாற்ற முடியாது” என்ற பொருளில் அதில் ஒரு வரி. முதல் பாதியும் தவறு, இரண்டாம் பாதியும் தவறு. நியூ ஜெர்சியில் பல வருஷம் தோசைக்கல் முன்னால் நின்றவன் நான். இப்போது ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர்தான். 2009 ஜூலையில் வைத்த தொகை, அதற்குப் பிறகு ஏறவே இல்லை. டெக்ஸஸிலும் ஜார்ஜியாவிலும் இன்றைக்கும் அதுதான் கணக்கு. டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். டிப்ஸோடு சேர்த்து 7.25 வராவிட்டால்தான் மீதியை அவர் போட வேண்டும். இந்த 2.13 என்பது 1991இல் வந்தது. 15 டாலரும் அதற்கு மேலும் சில மாநிலங்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டவை. எங்கள் நியூ ஜெர்சியில் 2025இல் அது 15.49.

இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. ஏமாற்ற முடியாதாம்! நம் ஆட்கள் நடத்துகிற ஓட்டல்களில், எல்லாவற்றிலும் என்று சொல்லவில்லை, நான் பார்த்த ஏற்பாடு இது. சேரும்போதே “வாரம் 700 டாலர் சம்பளம், தங்க இடம், சாப்பாடு” என்று பேசி முடித்துவிடுவார்கள். காலை 10 மணிக்கு உள்ளே போனால் இரவு 11 மணிக்கு வெளியே. வாரத்தில் ஆறு நாள். மதியம் 3 முதல் 5 வரை கடை சாத்தியிருக்கும். முதலாளி அதை ‘ரெஸ்ட்’ என்று கழித்துவிடுவார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஒரு மூட்டை வெங்காயம் உரிபடும், சாயங்காலச் சாம்பாருக்குப் பருப்பு வேகும், மறுநாள் மாவுக்கு அரிசியும் உளுந்தும் கிரைண்டரில் ஓடும். வேலையிலிருந்து முழுசாக விடுவித்தால்தான் அது சாப்பாட்டு இடைவேளை, கையில் கத்தி இருந்தால் அது வேலை நேரம் என்கிறது சட்டம். எங்களுக்கு யார் சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை பே ஸ்டப், அதாவது சம்பளச் சீட்டு, வரும். அதில் மணிக் கணக்கு எழுதும் கட்டத்தில் எல்லா வாரமும் 40.00. பொங்கல் கேட்டரிங்குக்கு நடு ராத்திரி வரை நின்ற வாரமும் 40.00. தீபாவளி வாரமும் 40.00. வாய் தவறிக் கேட்டால், “நீ மணிக்கூலி ஆள் இல்லப்பா, சேலரி ஆள். சேலரிக்கு ஓவர்டைம் கிடையாது” என்று பதில் வரும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது.

அது பொய். 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின்படி (Fair Labor Standards Act), வாரம் 40 மணிக்கு மேல் செய்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. சம்பளத்தை வாரமாகக் கொடுத்தாலும் மாதமாகக் கொடுத்தாலும் இது மாறாது. விலக்கு சிலருக்கு உண்டு; உண்மையிலேயே ஆட்களை நிர்வகிக்கிற மேனேஜர் அதில் ஒருவர். அவருக்கும் குறைந்தபட்ச வாரச் சம்பளம் இவ்வளவு என்று வரம்பு இருக்கிறது, செய்கிற வேலையும் நிர்வாக வேலையாக இருக்க வேண்டும். தோசை ஊற்றுகிறவனுக்குக் காகிதத்தில் ‘கிச்சன் மேனேஜர்’ என்று பட்டம் கட்டினால் அவன் மேனேஜர் ஆகிவிட மாட்டான். (வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இன்றுவரை ஓவர்டைம் இல்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.)

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ‘ரெஸ்ட்’ நேரத்தை முதலாளிக்கே விட்டுக்கொடுத்தாலும் நாளுக்கு 11 மணி, வாரம் 66 மணி. 700 டாலரை 66ஆல் வகுத்தால் மணிக்குப் பத்தே முக்கால் கூட வராது. மாநிலக் கூலிக்கே பற்றவில்லை. வெறும் 15.49ஐ வைத்துப் போட்டாலும் 40 மணிக்கு 619.60, மிச்சம் 26 மணிக்கு ஒன்றரை மடங்காக 604.11. ஆகமொத்தம் 1,223 டாலர் சொச்சம். ஒவ்வொரு வாரமும் 500 டாலருக்கு மேல் கல்லாவிலேயே தங்கிவிடுகிறது. வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஊரில் ஒரு தங்கை கல்யாணச் செலவு.

என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர், கடையில் மாட்டியிருந்த தமிழ் தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளை எறிய மாட்டார். பின்பக்கம் வந்த நேரம், போன நேரம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ராசிபலன் பார்க்கிறான் என்று நாங்கள் கேலி செய்வோம். பின்னாளில் அவர் மாநிலத் தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுத்தபோது அந்தத் தாள்கள்தான் பேசின. முதலாளியிடம் நேரப் பதிவே இல்லை. மிச்சிகனில் ஒரு மண்பாண்ட ஆலைத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: நேரத்தைப் பதிவு செய்வது முதலாளியின் கடமை, அவர் செய்யவில்லை என்றால் தொழிலாளி நியாயமாகக் காட்டுகிற கணக்கை ஏற்கலாம், அதைப் பொய்யென்று நிரூபிப்பது முதலாளி பாடு. தம்பிக்குப் பாக்கி தவணை தவணையாக வந்து சேர்ந்தது. கேலி செய்த எங்களிடம் எந்தத் தாளும் இல்லை.

பயம் இல்லாமல் இல்லை. இங்கே மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், காரணம் சொல்லாமலே நாளைக்கு வராதே என்று அனுப்பிவிடலாம். தங்கும் அறையும் முதலாளியுடையது என்றால் அன்றைக்கே வீடும் போச்சு. ஆனால் கூலி கேட்டுப் புகார் செய்ததற்காக வேலையை விட்டு எடுப்பது சட்டவிரோதம். “உன் சம்பளத்தைப் பக்கத்து ஆளிடம் சொல்லாதே” என்று தடை போடுவதும் 1935இன் தொழிலாளர் உறவுச் சட்டப்படி தப்பு. அதற்குத் தொழிற்சங்கம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. செய்து முடித்த வேலைக்கான கூலி, விசா பேப்பர் சரியாக இல்லாதவருக்கும் சட்டப்படி சேர வேண்டியது. கேட்கப் போவதற்குத் தைரியம் வேண்டும் என்பது வேறு விஷயம், இந்தக் காலத்தில் அதை நான் யாருக்கும் எளிதாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் சங்கம் இருக்கிறது. கைரேகை வைத்து உள்ளே போகிறோம், கைரேகை வைத்து வெளியே வருகிறோம். கால் மணி கூடினாலும் பே ஸ்டப்பில் தனி வரி. காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு. நாடு தழுவிய சட்டம் எதுவும் தனியார் முதலாளியை அந்த லீவுக்குப் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. நியூ ஜெர்சி 2018இல் தானாகக் கொண்டுவந்தது, 30 மணி வேலைக்கு ஒரு மணி, வருஷத்துக்கு 40 மணி வரை. ஓட்டலிலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான். 103 டிகிரியோடு வடை போட்ட நாட்களில் இது தெரியாது.

இங்கே வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து நேரத்தை எழுதி வையுங்கள், பே ஸ்டப்பைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். நியூ ஜெர்சியில் ஆறு வருஷத்துப் பாக்கி வரை கேட்கலாம். மத்தியச் சட்டத்தில் இரண்டு வருஷம், வேண்டுமென்றே செய்தது என்றால் மூன்று. தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

அந்த 15 டாலர் வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள் ஐயா. அதை நம்பி டெக்ஸஸில் வேலை பேசிக்கொண்டிருப்பவர் யாராவது இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு சமையல்காரர் (பெயர் வெளியிட வேண்டாம்),
மிடில்செக்ஸ் கவுண்டி, நியூ ஜெர்சி