'வீணாகக் கிடக்கும்' கப்பல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலடி அருங்காட்சியகங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், "வீணாகக் கிடக்கும் கப்பல்களைக் கரையேற்றினால் எல்லோரும் பார்க்கலாமே" என்று ஒரு வரி. போகிற போக்கில் எழுதியதுதான். ஆனால் தாங்கள் அறியாததா? ஆக்சிஜன் புகாத மணலில் புதைந்த மரம் பல நூற்றாண்டு தாங்கும். வெளியே எடுத்த நாளில்தான் அதற்குக் கேடுகாலம் தொடங்குகிறது.

1628இல் மூழ்கி 1961இல் தூக்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலையே பாருங்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அண்டாது. அதனால் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. அதையும் சும்மா காயவிட்டிருந்தால் பலகைகள் சுருங்கி வெடித்திருக்கும். மரத்துக்குள் நீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருள் ஏறுவதற்காக அதை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அப்புறமும் விட்டதா? மரத்தில் ஊறியிருந்த கந்தகம், இரும்புத் துருவின் துணையோடு அமிலமாகி அரிக்கத் தொடங்கியது. பீரங்கிக் குண்டு இன்னும் மோசம். காயவிட்டால் உள்ளிருக்கும் குளோரைடு உப்பு இரும்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டு, குளோரைடு கசிவது நிற்கும்வரை கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய பீரங்கியென்றால் ஆண்டுக்கணக்காகும். "கரையேற்றினால்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடக்கம். இருக்கும் இடத்திலேயே காப்பதை முதலில் பரிசீலிக்கும்படி நீரடிப் பண்பாட்டு மரபு பற்றிய 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை சும்மா சொல்லவில்லை.

படமாவது சரியா? மெக்சிகோவின் கான்கூன் கடலில் பவளம் படர்வதற்காக இறக்கிய சிமென்ட் சிலைகள். கீழே "மூழ்கிய நாகரிகம்" என்று குறிப்பு! நேற்று வார்த்த சிலைக்கு இவ்வளவு சீக்கிரம் தொன்மை வந்ததற்கு வாழ்த்துகள். முன்பொருமுறை, பழங்காலக் கப்பல்களில் மதுவும் எண்ணெயும் ஏற்றிய ஆம்போராச் சாடிகளைப் "புதையல்" என்று தலைப்பிட்டு விலையும் போட்டீர்கள். சாடி எந்த அடுக்கில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் சரக்கு ஏற்றிய விதமும் கப்பல் கவிழ்ந்த விதமும் தெரியவரும். விலை போட்டால் பிடுங்கி விற்கத்தான் ஆள் வரும்.

முக்குளிக்கத் தெரியாதவர்கள் பாவம் என்று கட்டுரையாளர் வருந்துகிறார். நியாயம்தான். சீனாவின் பைஹெலியாங் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் 2009 முதல், நகரும் படிக்கட்டில் நீர்த்தேக்கத்துக்கடியில் சுமார் 40 மீட்டர் ஆழம் இறங்கி, சாளரம் வழியே கல்வெட்டுகளைப் பார்க்கிறார்கள். உடை நனைவதில்லை. கடலில் மூழ்கிய ரோமானிய ஊரான இத்தாலியின் பாயாவில் கண்ணாடி அடித்தளப் படகு ஓடுகிறது. அங்கே முக்குளிப்பவர்களுக்கு வழிகாட்டிகள் மணலை விலக்கி மொசைக் தரையைக் காட்டிவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். இவற்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். ஒற்றை வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்