அந்த மணல்மேட்டுப் படம் பார்த்தேன், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கம்மாவுக்கு முட்டிவலி இந்தக் குளிருக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை. போனில் பேசினால் நீ "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி நேரத்தோடு படு.

ஆடியில் நீ அனுப்பிய பழைய படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன் டிவியில் போட்டுக் கொடுத்தான். 'இன்வேடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்', 1953ஆம் வருஷத்துப் படம். அவ்வளவு பழசு என்று நம்ப முடியாதபடி பளிச்சென்று புதுப்பித்திருக்கிறார்கள். கீழே ஓடிய எழுத்தில் பாதி புரிந்தது. மீதி படத்தில் வருகிற பையன் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது.

ராத்திரியில் அவன் ஜன்னலோரம் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்கிறான் இல்லையா, அங்கேயே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம்ம திருவாதிரை அதில்தான் இருக்கிறது என்று மொட்டைமாடியில் எனக்கு விரல் நீட்டிக் காட்டினவன் நீ. அப்போது ஐந்தாவது படித்தாய். செவந்த நட்சத்திரம் அப்பா, அதோ, அதோ என்று என் தாடையைப் பிடித்துத் திருப்புவாய். உங்கம்மா வீட்டில் யாருக்குமே அந்த மாதிரி மூளை கிடையாது. எங்கள் பக்கம் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் வீட்டுக்குப் பின்னால் மணல்மேட்டில் பறக்கும் தட்டு இறங்குகிறது. பையனின் அப்பா என்னவென்று பார்க்கப் போகிறார். மணல் தானாக வாயைத் திறந்து ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் வருகிற பாட்டுச் சத்தம், வார்த்தையே இல்லாமல் பலபேர் சேர்ந்து இழுக்கிற மாதிரி, இன்னும் என் காதில் நிற்கிறது. திரும்பி வந்தவருக்கு அதே முகம்தான், ஆனால் ஆள் அவர் இல்லை. பிடரியில் சின்னதாகச் சிவப்புத் தழும்பு. செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் அங்கே எதையோ வைத்து மூளையைப் பிடித்துவிட்டார்கள். "இது என்னப்பா" என்று பையன் கேட்கிறான். அடித்த அடியில் அவன் கீழே விழுகிறான்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் பார்த்தேன்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகள் மேல் இருந்த பயத்தைத்தான் இப்படி எடுத்தார்கள் என்று நீ எழுதியிருந்தாய். இருக்கலாம். சங்கத்தில் கொடி பிடித்தவன் நான், அதற்காகக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு அது ஒரு வீட்டுக்குள் நடக்கிற கதையாகத்தான் தெரிந்தது. அந்தப் போலீஸ் ஸ்டேஷன் நினைவிருக்கிறதா? வெறும் சுவர், எட்டாத உயரத்தில் மேஜை, அதன் முன்னால் பையன் எறும்பு மாதிரி நிற்கிறான். இயக்குநர் மென்சீஸ் அடிப்படையில் செட் போடுகிற கலைஞர், 'கான் வித் த விண்ட்' படத்துக்காகத் தனி ஆஸ்கரே வாங்கியவர் என்று நீ சொன்னது அப்போதுதான் விளங்கியது. பெரியவர்கள் எல்லாரும் ஒரு பிள்ளையின் கண்ணுக்கு எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் கண்ணாடி உருண்டைக்குள் ஒரு தலை மட்டும் வருகிறதே, அதற்கு நான் பயப்படவில்லை. வாயே திறக்காமல் கண்ணாலேயே எல்லாரையும் ஆட்டுகிறது. அந்த அப்பாதான் எனக்குப் பயமாக இருந்தது.

சரி. குட்டி எப்படி இருக்கிறான்? போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நல்லாத்தான் பேசிக்கொண்டிருந்தான். நீ வாங்கிக் கொடுத்த தொலைநோக்கியைக் காட்டி, "அப்பாரு, இதில் நிலாவில் இருக்கிற குழி தெரியும்" என்றான். அப்போது கதவுச் சத்தம் கேட்டது. நீ உள்ளே வந்தாய். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொலைநோக்கியின் மூடியைப் போட்டான். இரண்டு தடவை அழுத்திப் போட்டான். ஒன்றுமில்லை, பிள்ளைகள் அப்படித்தான். நீயும் களைத்துப்போய்த் தெரிந்தாய். தூங்குகிறாயா இல்லையா? ராத்திரி நேரத்தோடு படு.

கம்பெனிகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் தினமும் போடுகிறான். அம்மிணியும் உங்கம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள் போல, இவள் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னையும் இப்போது கேட்கவில்லை. மூன்று மாசமாக நீயாக ஒரு தடவை கூப்பிடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். ஊரில் யார் கேட்டாலும் என் பையன் அங்கே பெரிய வேலையில் இருக்கிறான் என்றுதான் சொல்கிறேன், அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் நீ எந்த வேலையில் இருந்தாலும், வேலையில் இல்லாவிட்டாலும், நீ என் பையன்.

மில் பூட்டின வருஷம் உனக்குப் பத்து வயசு. பூட்டின பிறகும் நான் தினமும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் உட்கார்ந்து வந்தது உனக்குத் தெரியும். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழற்றாமலே, "ஏப்பா, இன்னைக்கு ஷிப்ட் இல்லீங்களா?" என்று கேட்டாய். வேறொன்றும் கேட்கவில்லை நீ. கன்னத்தில் அறைந்தேன். பை தோளில் இருந்ததால் நீ நிலைதடுமாறித் தூணில் போய் மோதினாய். நீ அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். யாரிது என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

படத்தில் அந்த அப்பாவுக்கு ஒரு காரணம் இருக்கிறது, பிடரியில் வைத்துவிட்டார்கள். டாக்டர் ஆபரேஷன் செய்து எடுக்கலாம். எனக்கு யாரும் எதையும் வைக்கவில்லை, கண்ணு. அன்றைக்கு அடித்தது நான்தான். அப்புறம் ஆறேழு மாசம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் நான்தான். அந்த வருஷம் திருவாதிரைக்கு நீ என்னை மாடிக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷமும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதைக்கூட நான் கவனிக்காமல் இருந்தேன், இந்தப் படம் பார்க்கிறவரைக்கும்.

நீ இதற்காகத்தான் அந்தப் படத்தை அனுப்பினாயா, இல்லை சும்மா நல்ல படம் என்று அனுப்பினாயா, எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அடி உனக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் சொல். உங்கம்மா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அவளிடம் நேற்று சொல்லிவிட்டேன்.

குட்டி நிலாக்குழியைப் பற்றிச் சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீயும் பக்கத்தில் இருந்து பேசுங்கள். போர் மோட்டார் பழுதாகிவிட்டது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். நானே சரி பண்ணிக்கொள்கிறேன், நீ பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். ராத்திரி நேரத்தோடு படு.

இப்படிக்கு,
அப்பா