பாட மனம் வரவில்லை என்ற தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

"நம்பிக்கை இல்லாமல் பாடுவது பொய் சொல்வது மாதிரி இருக்குக்கா, இனி தேவார வகுப்புக்கு வரவில்லை" என்று எழுதியிருந்தாய். சித்தப்பா போன துக்கம் ஆறுவதற்குள் வேலையும் போய், அடுத்த மாதம் எப்படி என்றே தெரியாமல் நிற்கிறாய். இந்த நேரத்தில் "எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி உன் வாயை அடைக்க எனக்கு மனசு வரவில்லை. உன்னைப் போல இன்னும் சிலர் இதே கேள்வியோடு இருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன், கோபிக்காதே.

நாம் முதலில் படித்த பதிகத்தை நினைத்துப் பார். நான்காம் திருமுறையின் தொடக்கம், "கூற்றாயினவாறு விலக்ககிலீர்". ராகத்தைப் பிடிப்பதிலேயே கவனம் இருந்ததால் அதில் அப்பர் என்ன சொல்கிறார் என்று அப்போது நாம் நின்று யோசிக்கவில்லை. அது முறையீடு, தம்பி. எமனைப் போல வந்த இந்த நோயை நீ விலக்கவில்லையே, நான் செய்த கொடுமை என்னவென்றே எனக்குத் தெரியவில்லையே, குடலைப் பிடித்து முறுக்குகிறதே, தாங்க முடியவில்லையே என்று கெடிலக் கரையில், திருவதிகை வீரட்டானத்து இறைவனிடம் நேருக்கு நேர் கேட்கிறார். பாடத் தொடங்கும்போது சூலை என்ற அந்த வயிற்று வலி தீரவில்லை. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் தேவாரம் தொடங்குவதே இந்த இடத்தில்தான். அப்படியிருக்க, மனம் தெளிந்த பிறகுதான் பாடலாம் என்று உனக்கு யார் சொன்னது?

அவர் அங்கே வந்து சேர்ந்த வழியும் நேரானதில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதைப் பார்த்தால், மருள்நீக்கியார் என்ற இயற்பெயரோடு இருந்தபோது அப்பா, அம்மா இருவரையும் இழந்தார், அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போரில் இறந்தார். வாழ்க்கை நிலையில்லை என்று கண்ட பிறகுதான் எந்தச் சமயத்தில் விடை இருக்கிறது என்று தேடிப் போய், பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்று பெயர் பெற்றார். அந்த வருடங்களை நினைத்துப் பின்னாளில் அவரே வருந்திப் பாடியிருக்கிறார், இருந்தாலும் அந்தத் தேடலைக் குறையாக நினைக்க என்னால் முடியவில்லை. துக்கத்தில் எழுந்த கேள்வியை மூடி வைக்காமல் அதன் பின்னாலேயே போய்ப் படித்த மனிதர் அவர்.

எனக்கு இந்தக் கதையில் அதிகம் நெருக்கமானவர் திலகவதியார்தான். கலிப்பகையார் இறந்த செய்தி வந்ததும் உயிரை விடத் துணிந்தவரை நிறுத்தியது எது தெரியுமா? "தம்பியார் உளராக வேண்டும் என வைத்த தயா" என்கிறார் சேக்கிழார். அதற்குப் பிறகு அதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூப்பறித்துக்கொண்டு வருடக்கணக்காக இருந்தார். இறைவன் கனவில் வந்து ஆறுதல் சொல்லும்வரை, தம்பி திரும்புவார் என்பதற்கு அவர் கையில் எந்த உத்தரவாதமும் இல்லை. வேண்டிக்கொண்டார், அன்றன்றைய வேலையைச் செய்தார், அவ்வளவுதான். கடைசியில் தம்பி வலியோடு இரவில் வந்து காலில் விழுந்தபோது, "அன்றே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை இல்லை. திருநீறு கொடுத்து, விடியும் முன் கோயிலுக்கு அழைத்துப் போனார். விசுவாசம் என்றால் எனக்கு இந்த அக்காதான் நினைவுக்கு வருகிறார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சந்தேகத்தை விட்டுவிட்டு வா என்று கேட்கவில்லை, அதோடேயே வா. சித்தப்பாவை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்கத் தோன்றினால் அந்தக் கேள்வியையும் வைத்துக்கொண்டு பாடு, அப்பர் அப்படித்தான் பாடினார். வேலை தேடும் பரபரப்பில் வகுப்புக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, ராத்திரி போன் செய். இந்தப் பதிகத்தையே மறுபடி முதலிலிருந்து எடுப்போம், இந்தத் தடவை ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் பேசிவிட்டு அப்புறம் பாடலாம். கொல்லிப் பண், நவரோஜ் ராகம், உன் குரலுக்கு நன்றாகவே ஒத்துவரும். "நெஞ்சம் உமக்கேயிடமாக வைத்தேன்" என்ற இரண்டாம் பாட்டை வாய்விட்டுச் சொல்ல இப்போது முடியவில்லை என்றால் அதைத் தாண்டிப் போகலாம், அதை நான் பாடிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா