இறந்தவர் மேலேயே பழியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்டேட்டில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சாய்ந்து ஒரு தொழிலாளி இறந்ததைப் போன வாரம் நான்கு வரியில் போட்டிருந்தீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 'கவனக்குறைவாக அறுத்ததால்' என்று உங்கள் நிருபருக்கு யார் சொன்னது? இறந்தவர் சொல்லியிருக்க முடியாது. கூடவே 'மின்சார ரம்பம்' வேறு. காட்டுக்குள் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ! அது பெட்ரோலில் ஓடும் மிஷின், ஐயா.

நான் கோத்தகிரி பக்கம் மர வேலையில் மேஸ்திரியாக இருந்தவன். மரம் அறுக்கும்போது அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. சாய வேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவில் வெட்டிவிட்டு, பின்பக்கம் அறுத்து வரும்போது நடுவில் கொஞ்சம் கட்டையை விட்டுவைக்க வேண்டும். அதுதான் மரத்தைத் திசை மாறாமல் பிடித்துக்கொள்ளும். விலகி ஓட, பின்பக்கம் மூலைவாக்கில் ஒரு வழியை முன்கூட்டியே செதுக்கி வைக்க வேண்டும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. டன் கணக்கில் கூலி பேசி, சாயங்காலம் லாரியையும் கொண்டுவந்து நிறுத்தினால் வழி செதுக்க யாருக்கு நேரம்?

வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டால் வின்ச், அதாவது கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி, வைத்துத்தான் இழுக்க வேண்டும். நாங்கள் வின்ச் கேட்டதற்கு, "தாங்குற மரத்தையும் அறுத்துடு" என்றார் கான்ட்ராக்டர். அப்படி அறுக்கப் போய்த்தான் என் மச்சானுக்கு இடுப்பு போனது. கிடைத்தது பாதி ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு கம்பளியும். 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் மரம் வெட்டும் வேலையும் இருந்தது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மரத்துக்கு மட்டும் கேட்க ஆள் உண்டு. 1955-ம் ஆண்டுச் சட்டப்படி மலைப்பகுதியில் மரம் வெட்டக் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். சந்தோஷம், மரங்கள் நன்றாக இருக்கட்டும். வெட்டுகிறவன் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று ஒருவரும் வந்து பார்த்ததில்லை.

2018-ல் கஜா புயலுக்குப் பிறகும் உங்களுக்கு எழுதினேன். விழுந்துகிடக்கும் மரம் வளைந்து விறைத்திருக்கும், தப்பான பக்கம் அறுத்தால் துள்ளி அடிக்கும், அதை அறுக்கப் போகிறவர்களுக்காக நாலு வரி போடுங்கள் என்று கேட்டிருந்தேன். இடப்பற்றாக்குறை போலும். நடிகர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதே வாரம் ஒரு முழுப் பக்கம் கிடைத்தது.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி இப்படிச் செய்தி வந்தால் இறந்தவரின் பெயர், வயது, ஊரோடு, வேலைக்கு அமர்த்திய கான்ட்ராக்டரின் பெயரையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மேஸ்திரி,
கோத்தகிரி.